இருபத்தைந்தாவது கோடு

மூன்றாம் எண் சீட்டைக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் எண்ணை வாங்கிக்கொண்டேன். நீர் பிரியும் தொந்தரவு என்றேன். எழுபது வயதுக்காரன் அதைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் விசாரிப்பதில்லை. விழாச் செயலாளர் தனவேல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டை மாற்றினார். எனக்கு முன்னால் மேடையேறிப் பேச இன்னும் ஆறு பேர், தலைக்கு இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம் ஆனதும் தனவேல் மேசைமேல் இருக்கிற காலிங் பெல்லை அழுத்துவார், அது குருவி கத்துகிற மாதிரி கத்தும், பிறகு பொன்னாடை, பிறகு போட்டோ, ஆகமொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது, நாற்பத்தாறு வருடத்தில் ஆகாதது. இருந்தாலும் தள்ளிப்போட்டால் கொஞ்சம் மூச்சு வருகிறது, பல் பிடுங்கப் போனவன் பக்கத்தில் இருப்பவரை "நீங்க முதல்ல போங்க" என்று உபசரிக்கிற மாதிரி. மேடையில் சிங்கராயர் உட்கார்ந்திருக்கிறார். கல்யாண மண்டபம் என்பதால் மணமக்களுக்கான சிவப்பு வெல்வெட் சோபாவிலேயே அவரை உட்காரவைத்துவிட்டார்கள். மணப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் பொன்னாடைகள் குவிந்துகொண்டே வருகின்றன. எண்பது வயது. சட்டை அப்படியே இருந்து ஆள் மட்டும் உள்ளே சுருங்கிவிட்டது போல் இருக்கிறது. காதில் கருவி, ஆனால் அதைப் போட்டிருப்பவரின் முகத்தில் கேட்கிற அடையாளம் எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு புன்னகை. அவரைப் பார்க்கவேண்டாம் என்று தலைக்கு மேலே பேனரைப் பார்த்தேன், அது அதைவிட மோசம். 'பூப்பந்துப் பேரரசருக்குத் துறையூரின் பாராட்டு விழா'. பக்கத்தில் இறகு வைத்த பந்தின் படம், இவர் ஆயுளில் தொட்டே இராத பந்து. பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிய உருண்டை, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த வெளியில் ஆடுவது, காற்றுதான் ஆறாவது ஆள். பேனர் அடித்தவன் கம்ப்யூட்டரில் தேடி முதலில் வந்ததைப் போட்டிருக்கிறான். இவ்வளவு பெரிய பிழையை நாலுக்கு எட்டு அடியில் தொங்கவிட்டுக்கொண்டு இருநூறு பேர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்குத்தான் உள்ளங்கை வேர்க்கிறது, அதுவும் பேனரால் அல்ல.

"யோவ் சர்வேயரு, அந்தப் படத்தையே ஏன்யா மொறைக்கிற? கோழி எறகு, பறந்தா போயிரும்?" பக்கத்து நாற்காலியில் கோதண்டபாணி. "அது வாத்து எறகுண்ணே" என்றேன். "எதுவோ ஒண்ணு. சாப்பாட்டுல போடாம இருந்தாச் சரி." நான் சர்வேயர் இல்லை, நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வரைபடம் போட்டவன், அளப்பவன் வேறு வரைபவன் வேறு, ஆனால் ஊர் வைத்த பெயரைத் திருத்தவில்லை, நான் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள். ஒன்று அல்ல, இரண்டு. இரண்டாவது அவளுக்குத் தெரியாது. கோதண்டபாணி என்னைவிட மூன்று வயது மூத்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டையிலிருந்து இப்போதும் வார்னிஷ் வாசனை வருகிறது, கல்யாணமோ சாவோ அந்த வாசனையோடுதான் வருவார். தினமும் மாலை ஐந்தரைக்கு அந்தக் கடையில் எனக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி, நாற்பத்தாறு வருடமாக. ஊரில் அவரை இருபத்தெட்டு கோதண்டபாணி என்பார்கள், போனில் பெயரைப் பதிந்து வைத்திருப்பவர்களும் அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், மே மாதம், மண்டல இறுதிப் போட்டியில், திருச்சி அணியின் சிங்கராயரிடம் மூன்றாவது ஆட்டத்தில் இருபத்தெட்டுக்கு இருபத்தொன்பது என்று தோற்ற துறையூர் அணியின் கேப்டன் இவர். அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவன் நான். அவர் ஒரு புள்ளியில் தோற்றார் என்று ஊர் சொல்கிறது, அவரும் சொல்கிறார். அந்த ஒரு புள்ளியை எதிரணியில் யாரும் எடுக்கவில்லை, நான் எழுதினேன். இதைத்தான் இன்று சொல்லவேண்டும். ஏன் இன்று என்றால், போன வைகாசியில் கோதண்டபாணிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இட்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு யாராவது வெளியே வரும்போதெல்லாம், ஐயோ இன்னும் சொல்லவில்லையே என்று நினைத்தேன், பிழைக்கவேண்டுமே என்று அதற்கு அப்புறம்தான் நினைத்தேன், அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. பிழைத்து வந்த பிறகும் சொல்லவில்லை. டீ ஆறிவிடும் என்றோ, கடையில் ஆள் இருக்கிறது என்றோ, இவரிடம் மட்டும் சொன்னால் போதுமா சிங்கராயரிடமும் சொல்லவேண்டாமா என்றோ. அவரும் வந்துவிட்டார். இருவரும் ஒரே இடத்தில் இருப்பது அந்த மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சாக்கு தீர்ந்துவிட்டது.

மைக்கில் ஜவுளிக்கடை அம்பலவாணன். என்னிடமிருந்து போன மூன்றாம் எண் அவருக்குப் போயிருக்கிறது. "அன்னைக்கு ராத்திரி, ட்யூப் லைட் வெளிச்சத்துல, அய்யா ஒரு அடி அடிச்சாரு பாருங்க, பந்து மேல போயி லைட்டையே மறைச்சிருச்சு, நாலு செகண்டு இருட்டு!" கைதட்டல். ஆட்டம் பிற்பகல் நாலரைக்குத் தொடங்கி ஆறு ஐந்துக்கு முடிந்தது, அன்று சூரியன் மறைந்தது ஆறு முப்பத்து நான்கு, ஆட்டம் நடந்த போர்டு ஹைஸ்கூல் மைதானத்துக்கு மின்சாரக் கம்பம் நட்டது எண்பத்து மூன்றில். அம்பலவாணன் பார்த்தது வேறு எதையோ, அல்லது எதையும் பார்க்கவில்லை. முதலில் பேசியவர் அன்று மழை பெய்தது என்றார், மே மாதம். இரண்டாமவர் வேப்பமரத்தில் முப்பது பேரோடு உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார், அந்த மரத்தை நான் அறிவேன், முப்பது காக்கை உட்கார்ந்தால் யோசிக்கும். கயிறு கட்டிய பகுதிக்கு வெளியே நாலு பக்கமும் நின்றாலும் அந்த மைதானம் கொள்வது நானூறு பேர், வரைந்து பார்த்திருக்கிறேன். 'அன்று நான் அங்கே இருந்தேன்' என்று என்னிடம் இதுவரை சொல்லியிருப்பவர்கள் ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேர். ஒரு நோட்டில் குறித்து வருகிறேன், கெட்ட பழக்கம்தான், ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. சிங்கராயருக்கு அப்போதே முப்பத்து நாலு. ஆட்டம் போய்விட்டது, இதுதான் கடைசி வருடம், போய்ப் பார்த்துவிடு என்று சொல்லித்தான் ஆள் சேர்ந்தது. முழங்காலில் கட்டு. இடது கைக்காரர். இரண்டாவது ஆட்டத்தில் அவர் குனியும்போது முனகியது ஸ்கோர் மேசைக்குக் கேட்டது. மூன்றாவது ஆட்டத்தில் நாங்கள் இருபத்தெட்டு, அவர்கள் பத்தொன்பது. முதலில் இருபத்தொன்பது எடுத்தால் ஜெயம். ஒரு புள்ளி. கோதண்டபாணி தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார், எல்லாம் முடிந்தது போல. அப்போது சர்வீஸ் சிங்கராயரிடம் வந்தது. இருபது. இருபத்தொன்று. பச்சைமலைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது, அவர் அதற்காகவே நேரம் பார்த்திருந்தவர் போலப் பந்தைக் காற்றிடம் கொடுத்து வாங்கினார். இருபத்திரண்டு. இருபத்து மூன்று. அடுத்ததில் கோதண்டபாணி அவர் தலைக்கு மேலே தூக்கி அடித்தார், நல்ல அடி, பந்து பின் கோட்டுக்கு இரண்டடி முன்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது, சிங்கராயர் திரும்பி ஓடினார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கால் கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட, ஓடியவர் திரும்பவே இல்லை, பந்து எங்கே என்று பார்க்கவும் இல்லை, மட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார், சட்டையில் மட்டைக் கயிறு உரசுகிற சத்தம் வந்தது, மஞ்சள் உருண்டை வலைக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் வந்து எங்கள் பக்கம் ஒருவரும் இல்லாத இடத்தில் விழுந்தது, உருளக்கூட இல்லை. ஸ்கோர் தாளில் ஒன்று முதல் இருபத்தொன்பது வரை அச்சடித்திருக்கும், புள்ளிக்கு ஒரு எண்ணைக் கோடு போட்டு அடிக்கவேண்டும். பந்து விழும்போதே என் கை இருபத்து நாலை அடித்துவிட்டது. பிறகு நான் எழுந்து நின்றேன். ஸ்கோர் எழுதுபவன் எழுந்திருக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, நான் தட்டினேன், ஏதோ கத்தினேனாம், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்தபோது அம்பயர் உயரமான ஸ்டூலிலிருந்து குனிந்து கேட்டார், அவரும் தட்டிக்கொண்டிருந்தவர்தான், "எவ்வளவுய்யா?" நான் தாளைப் பார்த்தேன், அந்த அடிக்கு இன்னும் கோடு போடவில்லையே என்று தோன்றியது, போட்டேன், "இருபத்தஞ்சு" என்றேன்.

குருவி கத்துகிறது. அம்பலவாணன் இறங்கினார். நான்காவது ஆள் கைத்தறி வேட்டியோடு ஏறுகிறார், ஐந்தாவது ஆள் பேப்பரில் எழுதி வந்ததை உதட்டுக்குள் படித்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியின் ஒரு கால் வளைகிறது, எடையை மறுபக்கம் மாற்றினால் அந்தக் காலும் வளைகிறது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வத்தக்குழம்பு தாளிக்கிற வாசனை. என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது, எந்த விதியும் கேட்காத வழக்கம், அடித்த ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அந்தப் புள்ளிக்குச் சர்வீஸ் போட்டவரின் முதல் எழுத்தைப் பொடியாக எழுதிவைப்பேன். மறுநாள் காலை நல்ல தாளில் பிரதி எடுக்க உட்கார்ந்தபோது இருபதுக்குக் கீழே 'சி', இருபத்தொன்றுக்குக் கீழே 'சி', அப்படியே இருபத்து நாலு வரைக்கும் 'சி', இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, எல்லாவற்றுக்கும் 'சி'. இருபத்தைந்துக்குக் கீழே ஒன்றுமில்லை. வெள்ளையாக இருந்தது. பல் போன இடம் மாதிரி நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. யாரும் சர்வீஸ் போடாத ஒரு புள்ளி. அப்போது சொல்லியிருக்கவேண்டும். அன்றைய பேப்பரில் வந்துவிட்டது, பத்துப் புள்ளி தொடர்ந்து, முழங்கால் கட்டோடு, முப்பத்து நாலு வயதில், பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் மட்டையே இல்லாமல் அந்த அடியை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், ரொட்டிக் கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி ஷட்டரில் மோதிக்கொண்டார். இருபத்து நாலு வயது எனக்கு. ஒரு கூட்டத்துக்கே கிடைத்த சந்தோஷத்தை ஒரு வெள்ளை இடத்தை வைத்துக்கொண்டு பிடுங்குவதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் பயந்தேன். நான் எழுந்து நின்று கைதட்டியது தெரிந்துவிடும் என்று பயந்தேன், எங்கள் ஊர் ஆட்டத்தில் எதிரணிக்காரனுக்காக. அந்த இடத்தில் 'சி' என்று எழுதவும் இல்லை, அவ்வளவு நாணயம். தாளை அப்படியே அன்றைய கழகச் செயலாளரிடம் கொடுத்தேன், அவர் வாங்கிப் பெட்டியில் போட்டார், எண்பத்தாறில் பெட்டியைத் திறந்தபோது கரையான்தான் இருந்தது. ஜூன் மாதம் ஜெயித்த அணியிலிருந்து மாநில அணிக்கு மூன்று பேரை எடுத்தார்கள். எங்கள் அணியிலிருந்து யாரும் இல்லை. மாநிலத்துக்கு ஆடியவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோதண்டபாணி ஆகஸ்டில் கடைக்குப் பூஜை போட்டார். நான் போய்ச் செப்புக் கம்பிச் சுருளுக்குச் சந்தனம் வைத்தேன். "ஒரு புள்ளி, பஞ்சநதம்" என்றார் என்னிடம், சிரித்துக்கொண்டே, அன்றுதான் முதல் டீ.

"நான் ஆட்டத்தப் பாக்கல." மைக்கில் ஒரு பெண் குரல், நிமிர்ந்தேன். ஆறாம் எண், மேரி ஸ்டெல்லா, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு அன்னைக்கு டூட்டி. ஆட்டம் முடிஞ்சதும் இவரத் தூக்கிட்டு வந்தாங்க. முட்டி இளநி மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. ஐஸ் வெச்சேன். வலது கால்ல பெருவெரல் நகம் கறுப்பு. 'சிஸ்டர், ஜெயிச்சமா?'ன்னு என்னயக் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? 'ஜெயிச்சுட்டீங்க சார், படுங்க'ன்னேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்." குருவி கத்துவதற்கு முன்பே இறங்கிவிட்டார், நாற்பது நொடி. மற்றவர்களுக்குத் தட்டியதில் பாதிகூட அவருக்குத் தட்டவில்லை. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஜெயித்தோமா என்று ஏன் கேட்டார்? ஜெயித்தவர் ஏன் கேட்பார்? வலி மயக்கமாக இருக்கலாம். இல்லாவிட்டால் அவரும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார், அவர் எண்ணிக்கை ஒன்று சொல்ல அம்பயர் வேறொன்று சொல்லியிருக்கிறார். "இருபத்தஞ்சு" என்று நான் சொன்னபோது அவர் மட்டையால் முழங்காலைத் தட்டிக்கொண்டே என் மேசைப் பக்கம் பார்த்தார். பார்த்தாரா? நூறு தடவை நினைத்து நூறு தடவையும் பார்க்கிறார், அதுதான் சந்தேகமாக இருக்கிறது. அம்பலவாணனும் நூறு தடவை நினைத்துத்தான் ட்யூப் லைட் போட்டிருப்பார். ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேரைப் பொய்யர்கள் என்று குறித்துவைத்திருப்பவனிடம் என்ன சாட்சி இருக்கிறது? கரையான். அந்த வெள்ளை இடத்தை நான் பார்த்தேனா, இல்லை, எழுந்து நின்று கைதட்டிய வெட்கத்துக்கு ஒரு உருவம் வேண்டும் என்று வரைந்துகொண்டேனா, வரைவது என் தொழில்தானே. கண்ணை மூடிப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் டீக்கறை, பென்சில் தடம், இருபத்து நாலின் கோடு அழுத்தமில்லாமல் சாய்வாக, இருபத்தைந்தின் கோடு தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக. இல்லை, பார்த்தேன். சந்தோஷமாக இருக்கும்போது கை அழுத்தும், அதை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். உடனே, அதைத்தான் செய்வார்கள் என்றும் தோன்றுகிறது. ஏழாம் எண் ஏறி, பேசி, சிங்கராயர் காலில் விழுந்து, எழ முடியாமல், இரண்டு பேர் தூக்கிவிட்டு, இறங்கியது. அவர் என்ன பேசினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"வர்றேன்யா, துண்டப் பாத்துக்க" என்று துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுக் கோதண்டபாணி மேடைக்குப் போனார். படியில் கைப்பிடியைப் பிடிக்கவில்லை, டாக்டர் பிடிக்கச் சொல்லியிருக்கிறார், நான்தான் கூட இருந்தேன். மைக்கைப் பிடித்ததும் அவருக்கு நாற்பது வயது குறைந்தது. "இங்க எல்லாரும் அய்யாவப் பாத்தேன் பாத்தேன்னாங்க. நான் பாக்கல. அவருகிட்டத் தோத்தேன்." மண்டபம் குலுங்கியது. "நான் ஜெயிச்ச ஆட்டம் எத்தனையோ இருக்கு, பெரம்பலூர்ல, முசிறியில, அரியலூர்ல. எவன் கேக்குறான்? மோட்டாரக் கொண்டாந்து எறக்கி வெச்சதும், 'அண்ணே, அந்த இருபத்தெட்டுக் கதையச் சொல்லுங்க'ம்பான். சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு காயிலு கட்டிருவேன்." சிரிப்பு. சிங்கராயரும் சிரித்தார், கேட்டதோ இல்லையோ. கோதண்டபாணி அவர் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தணித்தார், நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார், நாற்பத்தாறு வருட டீயில் ஒரு நாளும் சொல்லாதது. "எம் பொண்டாட்டி இருந்தப்ப ஒரு தடவ கேட்டா. அந்த ஒரு புள்ளிய நீங்க எடுத்திருந்தா நாம கோட்டர்ஸ் வீட்டுல இருந்திருப்போம்லன்னு. வீட்டுல கொழாய்ல தண்ணி வராத நாளு. எனக்குக் கோவம் வரல. யாருகிட்ட விட்டேன்னு பாருடின்னேன். முதுகைக் காட்டிக்கிட்டு அடிச்ச மனுசன்கிட்ட விட்டேன். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல." குருவி கத்தியது, தனவேல் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார், கைதட்டலில் அது கேட்கவில்லை. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல் இருந்தது, நீர் பிரியும் தொந்தரவு என்று ஏற்கெனவே சொல்லியும் இருக்கிறேன், வாசல் பதினொரு தப்படி. சொல்லாமல் விட்டால் இவருக்கு அந்த மனுசன்கிட்ட விட்ட புள்ளி மிஞ்சும். சொன்னால் என்னிடம் விட்ட புள்ளி. எலும்பும் தோலுமாக, பென்சிலும் கையுமாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் டீயைக் குடித்த என்னிடம். இதைச் சொல்லாமல் இருப்பதுதான் அன்பு என்று ஒரு பக்கம் வந்தது, அந்தப் பக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும், நாற்பத்தாறு வருடமாக அதே சட்டையில் வருகிறது. அந்த அம்மாள் தண்ணீர் வராத குழாயடியில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது, நான் அப்போது இரண்டு தெரு தள்ளிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருப்பேன், ஓரத்தில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டு.

"அடுத்து, அன்னைக்கு ஸ்கோர் எழுதின நம்ம சர்வேயர் பஞ்சநதம் அய்யா, ரெண்டே நிமிசம்" என்றார் தனவேல். கோதண்டபாணி இறங்கி வரும்போது என் தோளில் தட்டினார், "நல்லா அளந்து விடுய்யா." போனேன். மைக் என் மூக்குக்கு நேராக இருந்தது, தாழ்த்தத் தெரியவில்லை, தலையைத் தூக்கிக்கொண்டு பேசினேன். ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன், கிரேக்கர்களின் ஓட்டப் பந்தயத்திலிருந்து தொடங்குவது, அதில் ஒரு சொல்லும் வரவில்லை. "அன்னைக்கு ஒரு கோடு கூடுதலாப் போட்டுட்டேன்" என்றேன். "இருபத்தி நாலு அடிச்சதும் எந்திரிச்சுக் கைதட்டினேன். உக்காந்து அதே அடிக்கு இன்னொரு கோடு போட்டேன். இருபத்தஞ்சுன்னு சொன்னது நான். அப்படி ஒரு புள்ளி இல்ல. சார் எடுத்தது மொத்தம் இருபத்தெட்டுதான்." யாரோ சிரித்தார்கள், நான் வேடிக்கை பண்ணுகிறவன் என்று பெயர். பிறகு சிரிப்பு நின்றது. குருவி கத்தியது. இரண்டு நிமிடம் ஆகவில்லை, முப்பது நொடிகூட ஆகவில்லை, அதைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். சிங்கராயர் தனவேல் பக்கம் சாய்ந்து "என்னவாம்?" என்றார். "உங்க ஆட்டத்த ரொம்பப் புகழ்றாருங்கய்யா" என்று தனவேல் அவர் காதில் கத்தினார். முன் வரிசையிலிருந்து மேரி ஸ்டெல்லா எழுந்து அதைவிட உரக்கக் கத்தினார், வார்டில் பழகிய குரல், "இல்ல சார்! இவரு ஒரு பாயிண்டு தப்பாப் போட்டுட்டாராம்! அன்னைக்கு நீங்க ஜெயிக்கலியாம்!" சிங்கராயர் என்னைப் பார்த்தார், கோபமா என்று தெரியவில்லை, முகத்திலிருந்த பொதுவான புன்னகை மட்டும் காணாமல் போயிருந்தது. "அப்ப இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு" என்றார் மெதுவாக. "ஆட்டம் முடியலியே." இது எனக்குத் தோன்றியதே இல்லை. நாற்பத்தாறு வருடம் அவர் தோற்றார் இவர் ஜெயித்தார் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், யாரும் ஜெயிக்கவில்லை என்ற எளிய கழித்தல் எனக்கு வரவில்லை. கீழே நாற்காலி நகர்கிற சத்தம். கோதண்டபாணி எழுந்து நிற்கிறார். அவர் மைக் இல்லாமலே பேசினார். "இத்தன வருசம் எங்கூட டீ குடிச்சிருக்கியேடா." என்னை அவர் 'டா' போட்டது அதுவரை இல்லை. "ஆமாண்ணே" என்றேன், மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. அவருடைய தாடை அசைந்தது, என்னவோ பெரிதாக வரப்போகிறது என்று இரண்டு கையாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை விட்டுவிட்டு மேடையில் இருந்தவரைப் பார்த்தார், அவரும் இவரைப் பார்த்தார், நடுவில் இருபதடி, ஏறக்குறைய வலைக்கு இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்க்கிற தூரம். "சர்வீஸ் யாருது?" என்றார் கோதண்டபாணி, என்னைப் பார்க்காமலே. "அதையாவது ஒழுங்காச் சொல்லு." விதி எளிது. கடைசிப் புள்ளியை எடுத்தவரிடம்தான் சர்வீஸ் இருக்கும், அது சிங்கராயர், இருபதிலிருந்து கடைசிவரை அவர்தான், இதில் ஞாபகத்துக்கு வேலையே இல்லை, மட்டை பிடித்த எவருக்கும் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியும், சோபாவில் இருப்பவருக்குத் தெரியும். இருநூறு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். இந்தத் தடவை எந்தச் சந்தோஷத்திலும் என்னை மறக்கவில்லை, நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, தெரிந்தே, "உங்க சர்வீஸ்ண்ணே" என்றேன். சிங்கராயர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு சோபாவின் பிடியில் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்திருக்க ஆரம்பித்தார்.